சைக்கிளுக்குப் பின்னால் வந்த கடல்

பனைவிளாகத்துக்குள் கடல் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். இன்னாசியம்மாவின் மீன்பெட்டிக்கு அடியில், கணுக்கால் அளவுக்கு, விருந்துக்கு வந்த ஆள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதுபோல ரொம்ப மரியாதையாகத்தான் வந்தது. நிஜக் கடற்கரை அங்கிருந்து எவ்வளவோ தூரம். நடுவில் தேரிக்காடு என்று செம்மணல் மேடு வேறு, ஏறினால் இறங்கவும் இறங்கினால் ஏறவும் வைக்கிற மேடு. அதையெல்லாம் தாண்டிக் கடல் எப்படி வந்தது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. வடக்குத் தெருவுக்கு முதலில் வந்துவிட்டதே, எங்கள் தெருவுக்கு எப்போது வரும் என்றுதான் தெற்குத் தெருக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

கடலை இழுத்துக்கொண்டு வந்தவன் கஸ்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், கடலே வேண்டாம் என்று ஓடிவந்து அந்த ஊரில் குடியேறியவனும் அவன்தான்.

கடற்கரை ஊரான சிப்பித்துறையில் அவனும் தம்பி தொம்மையும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர்கள். அணியத்தில், அதாவது வள்ளத்தின் முன்பக்கம், வலையோடு அண்ணன். பின்னால் எஞ்சினைப் பிடித்தபடி தம்பி. அவர்களுக்குள் அது எப்போதுமே அப்படித்தான். கஸ்பார் சைக்கிள் பழகியபோதுகூட, அவனைவிடச் சின்னவனான தொம்மைதான் மூக்கொழுகிக்கொண்டே பின்னால் கேரியரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினான்; விட்டுவிடாதே விட்டுவிடாதே என்று அண்ணன் கத்த, விடமாட்டேன் விடமாட்டேன் என்று தம்பி கத்த, தெருவே சிரித்தது. பிறகு கச்சான் என்கிற மேல்காற்று அடித்த ஒரு நாளில், நடுக்கடலில், கஸ்பார் வலையை இழுத்துக்கொண்டே, "ஏலே தொம்மை, கொஞ்சம் மெதுவா விடுலே" என்றான். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பிடித்திருந்தவனைக் காணவில்லை. ஊர் வள்ளங்கள் எல்லாம் போய்த் தேடியும் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு கஸ்பார் வள்ளத்தை விற்றான், வலையை யாருக்கோ கொடுத்தான், எஞ்சினை மட்டும் சாக்கில் சுற்றித் தோளில் தூக்கிக்கொண்டு மனைவி இன்னாசியம்மாவோடு தேரி தாண்டிப் பனைவிளாகத்துக்கு வந்து சேர்ந்தான். உப்புத்தண்ணீரில் இனிக் காலை வைப்பதில்லை என்று ஒரு முடிவு எடுத்திருந்தான். திரும்பிப் பார்ப்பதில்லை என்று இன்னொன்று, அதை அவன் எடுக்கவில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சைக்கிளோடு ஒரு முழு வட்டம் அடித்து எதிரில் வந்து நின்றுதான் என்ன என்று கேட்பான். கடற்கரைக்காரர்கள் வழக்கம் போலிருக்கிறது என்று ஊர் நினைத்துக்கொண்டது.

இன்னாசியம்மா மீன் விற்றாள். மெயின்ரோட்டு விலக்கில் வேன் இறக்கிவிட்டுப் போகும் ஐஸ் மீனைக் பனையோலைக் கடவப்பெட்டியில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் நடந்தாள். கஸ்பார் சைக்கிள் கேரியரில் இன்னொரு பெட்டியைக் கட்டி, ஏறி மிதிக்க மனமில்லாமல் உருட்டிக்கொண்டே அவள்கூட நடந்தான். ஒரு நாள் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"ஏங்க, கழுத்து தோளுக்குள்ள இறங்கிக்கிட்டே போகுது. இன்னும் கொஞ்ச நாள்ல நீங்க என்னைய ஆமைன்னு கூப்பிடலாம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பாட்டில் கஸ்பாரின் கை தட்டிலேயே நின்றது. மறுநாளே சைக்கிளுக்குப் பின்னால் பூட்ட ஒரு வால்வண்டி செய்யப் புறப்பட்டுவிட்டான்; மீனும் ஏறவேண்டும், மனைவியும் ஏறவேண்டும், மிதிக்காமல் ஓடவும் வேண்டும்.

அறுந்துபோன நாடாக்கட்டிலின் இரும்புச் சட்டத்தை அறுத்து அடிச்சட்டம் ஆக்கினான். காயலான் கடையில் ஒரு மொபெட்டின் சக்கரங்கள் கிடைத்தன, அதன் ஆக்சிலேட்டர் கம்பியும் கூடவே கிடைத்தது. சைக்கிள் சீட்டுக்கு அடியிலிருக்கும் குழாயில் ஒரு கொக்கி வைத்து, கொக்கிக்கும் வண்டிக்கும் நடுவில் லாரி டயரில் வெட்டிய ரப்பர்த் துண்டைப் பூட்டினான். வளைவில் சைக்கிள் சாய வேண்டும், வண்டி சாயக் கூடாது, அதற்கு இரும்பு ஒத்துவராது, ரப்பர்தான் சரி. பக்கத்துக்குக் கள்ளிப்பெட்டிப் பலகை அடித்து, இன்னாசியம்மா உட்கார ஒரு தலையணை போட்டான். எல்லாம் முடிந்தபிறகு, கட்டிலுக்கு அடியில் கிடந்த சாக்கை இழுத்து, வருஷக்கணக்காகப் பிரிக்காத முடிச்சைப் பிரித்தான்.

எஞ்சின் வேறு எங்கே வாங்குவது, வீட்டில் இருக்கிறபோது என்று இன்னாசியம்மாவிடம் சொன்னான். அவள் உள்ளே போய் எண்ணெய்த் துணி எடுத்துவந்து கொடுத்தாள்.

அங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. வேறு எந்த ஊர் மெக்கானிக்காக இருந்தாலும் வள்ளத்து எஞ்சினை வண்டியில் மாட்டும்போது, தண்ணீரைத் தள்ளுகிற இரும்பு விசிறியை முதல் வேலையாகக் கழற்றிப் போட்டிருப்பான். சிப்பித்துறைக்காரன் கை அதற்குப் போகாது. அங்கே தேவாலயத்துச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுப்பது விசிறியைத்தான். வள்ளத்தை உடைத்து விறகாக்குகிற நாளில் மட்டும்தான் விசிறியைக் கழற்றுவார்கள், கழற்றிவிட்டால் அந்த எஞ்சின் இறந்துவிட்டது என்று அர்த்தம். தொம்மை பிடித்த எஞ்சினை இறக்கவிட கஸ்பாருக்கு மனசு வரவில்லை. விசிறி அதன்பாட்டுக்கு வண்டிக்குப் பின்னால் காற்றில் சுற்றட்டும் என்று விட்டுவிட்டு, எஞ்சினின் மேலே சுற்றும் சக்கரத்திலிருந்து வண்டிச் சக்கரத்துக்கு ஒரு பெல்ட் போட்டான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, பெட்டியில் நேற்றைய சாளை மீன், தலையணையில் இன்னாசியம்மா, கஸ்பார் ஹேண்டிலில் மாட்டிய ஆக்சிலேட்டர் பிடியை முறுக்கினான். வண்டி பின்னாலிருந்து தள்ள சைக்கிள் ஓடத் தொடங்கியது. கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, பட்டென்று பெல்ட் அறுந்து வேலியில் போய் விழுந்தது. அறுந்த பிறகுதான் வண்டி ஒழுங்காக ஓடியது. தடதடப்பு நின்று, குண்டும் குழியுமான தெருவில் மெல்ல ஏறி இறங்கி, ஏறி இறங்கி, வழுக்கிக்கொண்டு போனது. பிறந்ததிலிருந்து தண்ணீரைத் தவிர எதையும் தள்ளியறியாத விசிறி, தள்ளுவதற்குத் தண்ணீரை எங்கிருந்தோ வரவழைத்துவிட்டது. கீழே நுரைத்துக்கொண்டு கடல் ஓடியது. கஸ்பார் வாசனையிலேயே தெரிந்துகொண்டான். இரண்டு காலையும் தூக்கி ஹேண்டில்பாருக்குக் கீழே பாரின்மேல் வைத்துக்கொண்டான்.

எஞ்சினை அணைத்தால் தண்ணீர் வடிந்துவிடும், தெருவின் இரண்டு பக்கமும் ஒரு உப்புக்கோடும் சில கிளிஞ்சல்களும் மிச்சமிருக்கும் என்பதை அன்றைக்கே ஊர் தெரிந்துகொண்டது. அடுத்த வாரத்துக்குள் எல்லோரும் கடலுக்குப் பழகிவிட்டார்கள். மாடுகள் உப்புக்கோட்டை நக்குவதற்காகக் காலையிலேயே வேலியோரம் வரிசையாக நின்றன. விலக்கில் பஸ் டிரைவர் அலை வடியும்வரை பஸ்ஸை நிறுத்திப் பீடி குடித்தார், பயணிகளும் இறங்கிக் காலை நனைத்துக்கொண்டு ஏறினார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் சாமியைக் கடலாட்டுக்கு லாரி பிடித்துக் கொண்டுபோகிற வழக்கத்தை நிறுத்தி, கஸ்பாரைத் தெருவில் ரெண்டு சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். பெட்டியில் ஐஸில் விறைத்துக் கிடந்த சாளையெல்லாம் தெருத் திரும்புவதற்குள் உயிர்பெற்றுத் துள்ள, வாங்க வந்த பெண்கள்தான் சங்கடப்பட்டார்கள். "செத்த மீன்னா ஆய்ஞ்சு குழம்பு வச்சிரலாம், இது என்னையவே பாத்துக்கிட்டு இருக்கே" என்று ஒருத்தி திருப்பிக் கொடுத்தாள். ஆனாலும் இன்னாசியம்மாவின் வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது, கழுத்தும் தோளிலிருந்து மெல்ல மேலே வந்தது.

டீக்கடை சொரிமுத்து ஒரு மண்கலயத்தைத் துணியால் வாய்கட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அவருடைய அம்மாவின் அஸ்தி. கடலுக்குக் கொண்டுபோக வேளை வாய்க்காமல் கடைக்குப் பின்னாலிருக்கும் வேப்பமரத்தில் கட்டிவைத்திருந்தது.

"அண்ணாச்சி, நக்கிப் பாத்தேன். இது கடல்தான். எங்கம்மைய இதுல கரைச்சா தப்பா?"

கஸ்பார் வட்டம் அடித்து அவர் எதிரில் வந்து நின்றான். "எங்க சாமியார்ட்ட கேட்டா என்ன சொல்லுவாரோ. நீரு கரையும். நான் மெதுவா ஓட்டுதேன்."

சொரிமுத்து வண்டிக்குப் பின்னால் நடந்துகொண்டே, அழுதுகொண்டே கரைத்தார். அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கலயங்கள் வந்தன. கடல் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அத்தனை பேரும் அதில் காலை நனைத்தார்கள், முகம் கழுவினார்கள், பிள்ளைகளை உட்காரவைத்துக் குளிப்பாட்டினார்கள். கஸ்பார் ஒருவன்தான் நனையவில்லை. எஞ்சினை அணைத்து, தண்ணீர் வடிந்து, தரை காய்ந்த பிறகுதான் இறங்குவான். ஓட்டும்போது வண்டியின் தள்ளலை முதுகில் உணர்ந்துகொண்டே, சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத முகத்தோடு முன்னால் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பான். "திரும்பிப் பாத்தா ஹேண்டில் வளைஞ்சிரும்" என்று கேட்டவர்களிடம் காரணம் சொன்னான். அது உண்மையும்தான்.

கடல் நாளுக்கு நாள் கொஞ்சம் ஆழமானது. கணுக்காலில் இருந்தது கெண்டைக்காலுக்கு வந்தது. சொரிமுத்து பெஞ்சுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினார்.

பஞ்சாயத்துத் தலைவி வடகாசி சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். ஒரு நாள் மத்தியானம் செம்பு நிறையத் தண்ணீரோடு கஸ்பார் வீட்டுக்கு வந்து, "இதைக் குடிச்சுப் பாருங்க அண்ணாச்சி" என்று நீட்டினாள்.

கஸ்பார் ஒரு மடக்குக் குடித்தான். முழுங்கிவிட்டுச் செம்பையே பார்த்தான்.

"கரிக்குதா?"

"லேசா."

"லேசாத்தான். நேத்து இதைவிட லேசா இருந்துச்சு. சாம்பாருக்கு உப்பு மிச்சம்னு சொல்லிச் சிரிக்கானுவ நம்ம ஆளுங்க, அவனுவளுக்குக் கடல் புதுசுல்லா. இந்த ஊருக்கு இருக்கது ஒத்தக் கிணறு, அண்ணாச்சி. அது போச்சுன்னா நாங்களும் உங்கள மாதிரி மூட்டையக் கட்டிக்கிட்டு எங்கயாவது போவ வேண்டியதுதான். இன்னாசி மயினி பொழைப்ப நான் கெடுக்க வரல. கடலை அதோட எடத்துல கொண்டுபோய் விட்டுருங்க. அதுக்கு என்ன வழியோ உங்களுக்குத்தான் தெரியும்."

வழி தெரியாமல் இல்லை. எஞ்சினைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் போட்டுப் பார்த்தான்; சாயங்காலத்துக்குள் கட்டிலின் கால்கள் நனைந்துவிட்டன. விசிறியைக் கழற்ற ஸ்பானரைக் கையில் எடுத்தான், வைத்தான், எடுத்தான், வைத்தான். கொண்டுபோய்த்தான் விடவேண்டும். தேரி தாண்டி, சிப்பித்துறைக்கு, தம்பியை விழுங்கிவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் கிடக்கிற அந்தத் தண்ணீருக்கு.

"அது என்னையத் தேடி வருது இன்னாசி" என்றான். "எங்க போனாலும் விடாது."

இன்னாசியம்மா சாளை ஆய்ந்துகொண்டிருந்தாள். அரிவாள்மணையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "கடலுக்கு வேற சோலி இல்ல பாருங்க, உங்களத் தேடி வாரதுக்கு. அந்த எஞ்சினப் பிடிச்சிக்கிட்டு வாரது யாருன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்? விட மாட்டேன் விட மாட்டேன்னு சின்னதுல கத்துனவன். இன்னும் விடல."

கஸ்பாருக்கும் அது தெரியும். முதல் நாள், பெல்ட் அறுந்த அந்த நிமிஷத்திலேயே முதுகு அந்தத் தள்ளலை அடையாளம் கண்டுவிட்டது. அதனால்தான் கிணற்றைப் பற்றி நினைக்காமல், கடல் ஆழமாவதைப் பற்றி நினைக்காமல், தினமும் ஓட்டினான். அதைக் கொண்டுபோய் விட்டுவிட்டால் தம்பி இரண்டாவது தடவையும் போய்விடுவான்.

"எத்தன வருசமாத் தள்ளுதான்" என்றாள் இன்னாசியம்மா. "அவனுக்கும் கை கடுக்காதா?"

ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டார்கள். சிப்பித்துறையில் ஞாயிறு தொழிலுக்குப் போகமாட்டார்கள், கரையில் ஆள் இருக்காது, யார் முகத்திலும் முழிக்க வேண்டியதில்லை. பனைவிளாகம் முழுக்க வழியனுப்ப வந்தது. கெண்டைக்கால் தண்ணீரில் சளப்புச் சளப்பென்று நடந்து, கடைசியாக ஒருமுறை முகம் கழுவி, பாட்டிலில் பிடித்துக்கொண்டு, ஊர் எல்லைவரை வந்தார்கள். மாடுகளும் வந்தன. வடகாசி இன்னாசியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மயினி, திரும்பி வந்துரணும், வேற ஊருக்குப் போயிரக் கூடாது" என்று மிரட்டினாள். அவர்கள் போன பிறகு பெய்த முதல் பெருமழையிலேயே கிணறு பழையபடி இனித்துவிட்டது, அது தனிக் கதை.

தேரியின் செம்மணலில் கடல் சிவந்து ஓடியது. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, பனைகளுக்கு நடுவே வளைந்தது. கஸ்பார் ஒரு கன்றுக்குட்டியை அதன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற ஆளைப்போலப் பொறுமையாக முன்னால் போனான். கடைசி மேட்டில் ஏறியதும் நிஜக் கடல் தெரிந்தது, தேவாலயத்துச் சிலுவை தெரிந்தது. காற்று மாறாமல் அதே காற்றாக இருந்தது. சரிவில் இறங்கி, வெறிச்சோடிய கரையில், கவிழ்த்துப்போட்ட வள்ளங்களைத் தாண்டி, அலை வந்து திரும்பும் இடத்தில் நின்று எஞ்சினை அணைத்தான்.

வழக்கமாக வடிகிற தண்ணீர் வடியவில்லை. அது வந்து சேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டது, இனி எங்கே வடியும்?

அவன் காலைத் தூக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான். இன்னாசியம்மா அவசரப்படுத்தவில்லை. அலை வந்து போனது, வந்து போனது. பிறகு கஸ்பார் ஒரு காலை இறக்கினான். அதற்கப்புறம் மற்றக் காலையும் இறக்கினான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை வருஷமும் அது சில்லென்று இருக்கும் என்றே நினைத்துத் தம்பிக்காக ராத்திரியெல்லாம் நடுங்கியிருக்கிறான்.

எஞ்சினைக் கழற்றித் தோளில் தூக்கி இடுப்பளவுக்கு நடந்தான். விசிறியைத் தண்ணீரில் நனைத்து, "தொம்மை, போதும்லே. கைய எடு" என்றான். ஸ்டார்ட் பண்ணாமலே விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. எஞ்சின் அவன் கையிலிருந்து நழுவி, கனமான இரும்பு மூழ்குவதுபோல மூழ்காமல், ஆமை போவதுபோல ஆழத்தைப் பார்த்துப் போய்விட்டது. கஸ்பார் சத்தம்போட்டு அழுதான். தம்பி போன நாளில் அழ மறந்ததையும் சேர்த்து, கரையில் நாய்கள் எழுந்து நிற்கிற அளவுக்கு அழுதான்.

திரும்பும்போது வண்டி வெறும் வண்டி. கட்டில் சட்டமும் கள்ளிப்பெட்டிப் பலகையும்தான், தலையணையில் இன்னாசியம்மா. சமதளத்தில் எப்படியோ மிதித்தான். தேரி மேட்டில் மணல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. எழுந்து நின்று மிதித்தான், பெடல் அசையவில்லை, மூச்சு வாங்கியது, முதுகு வெறுமையாக இருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒரு தள்ளல் வந்தது. சைக்கிள் ஒரு முழம் ஏறியது. மறுபடியும் ஒரு தள்ளல்.

இப்போது திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று கஸ்பாருக்கு நன்றாகத் தெரியும், அவன் வாழ்க்கையில் ஒரு தடவை திரும்பிப் பார்த்து அதைத்தான் தெரிந்துகொண்டிருந்தான். ஆனாலும் நனைந்த கால் இரண்டும் தைரியம் சொன்னதோ என்னவோ, திரும்பினான்.

இன்னாசியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பலகையில் இரண்டு கையையும் ஊன்றி, மணலில் கால் புதையப் புதையத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்ன பாக்குதிய? முன்னால பாத்து மிதிங்க."

"நீ ஏறிக்கோ. கழுத்து வலிக்கும்."

"தள்ளுததுக்குக் கழுத்து எதுக்கு? மிதிங்க."

மிதித்தான். கொஞ்சம் மிதிப்பதும் திரும்பிப் பார்ப்பதும், கொஞ்சம் மிதிப்பதும் திரும்பிப் பார்ப்பதுமாகவே மேடு முழுக்க ஏறினான். அதனால் ஹேண்டில் ஒரு வழியில் நிற்காமல், செம்மணலில் சைக்கிள் தடம் பாம்பு ஊர்ந்த மாதிரி வளைந்து வளைந்து கிடந்தது. "நேரா ஓட்டத் தெரியாதா உங்களுக்கு" என்று அவள் வைதுகொண்டே தள்ளினாள். அவன் ஒவ்வொரு தடவை திரும்பியபோதும் அவள் அங்கே இருந்தாள்.